வயிறு நிறைய மேய்ந்தும் மெலியும் செம்மறிகள்

வணக்கம். உங்கள் செம்மறிகள் இந்தக் கோடையில் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில்) நாள் முழுதும் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்தும் மெலிகின்றன, புழுக்கை இறுகிப்போகிறது, குடற்புழு மருந்தும் பலன் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கீழிமையைப் பிதுக்கிப் பாருங்கள். வெளிறியிருந்தால் புழுவே காரணமாகலாம். சாணப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிவப்பாக இருந்தால் புரதக் குறையாகவே எனக்குத் தோன்றுகிறது.

நார்ப்பொருளை ஆடு தானாகச் செரிப்பதில்லை. அசையூண் வயிற்றில் (இரைப்பையின் முதல் பெரிய அறையில்) வாழும் நுண்ணுயிரிகளே செரிக்கின்றன, அவை பெருகுவதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். அது தீவனப் புரதத்திலிருந்து கிடைக்கிறது. தீவனத்தில் புரதம் சுமார் 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிரிகள் தளர்ந்து, தின்ற புல் நெடுநேரம் வயிற்றிலேயே தங்க, ஆடு மேற்கொண்டு தின்ன இயலாமல் போகிறது. வயிறு புடைத்திருந்தும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுவது இதனால்தான். எனவே காய்ந்த புல்லையே கூட்டிப் போடுவதில் பயனில்லை.

மாலையில் பட்டியில் அடைத்தபின், புரதத்துக்காக உதிர்ந்த வெள்வேலங்காயும் வாடவைத்த கிளிரிசிடியா மரத் தழையும் கொடுங்கள். கடலைப் பிண்ணாக்கைச் சினை ஆடுகளுக்கு மட்டும் ஆடு ஒன்றுக்கு 100 கிராம் அளவில் வைக்கலாம். இன்றைய விலையில் மந்தை முழுமைக்கும் கட்டுப்படியாகாது. தழைச்சத்துக்காக யூரியாவைத் தண்ணீரில் கரைத்து வைக்கும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தாகத்தோடு வரும் ஆடு அதை ஒரேயடியாகக் குடித்தால் அம்மோனியா நஞ்சேறிச் சில மணி நேரத்திலேயே இறந்துவிடக்கூடும். மழைக்குப்பின் இளம்புல் மேய்ச்சலில் துள்ளுமாரி (குடலில் நஞ்சேறும் நோய்) வரும் என்பதால், அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.