கிறிஸ்தவ மனைவி கணவனுக்கு எல்லாவற்றிலும் கீழ்ப்படிய வேண்டுமா?

நிச்சயமான மாப்பிள்ளை, மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பி, "கல்யாணத்துக்கு அப்புறம் நான் சொல்வதுதான் முடிவு" என்கிறார், மறுத்துப் பேசினால் வேதத்தையே மறுத்ததாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது.

அவர் அனுப்பிய வசனத்துக்கு ஒரு வரி மேலே, 21இல், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லித்தான் அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் பேச்சையே தொடங்குகிறார். மனைவிகளுக்கு மூன்றே வசனம். 25இல் தொடங்கி அதிகாரம் முடியும்வரை பெரும்பாலும் புருஷர்களுக்குத்தான் பாடம். அதுவும் கிறிஸ்து சபைக்காக உயிரைக் கொடுத்த மாதிரி அன்புகூர வேண்டுமாம். அதை உங்களவர் ஏன் அனுப்பவில்லை என்று நீங்களே கேளுங்கள்.

24இல் 'எந்தக் காரியத்திலும்' என்று இருக்கிறதே என்பார். இருக்கிறது, மழுப்ப வேண்டாம். ஆனால் அதே பவுல் 1 கொரிந்தியர் 7இல், மனைவியின் உடல்மேல் புருஷனுக்கு இருக்கிற அதிகாரம் புருஷனின் உடல்மேல் மனைவிக்கும் உண்டு என்கிறார். குடும்பத் தலைவன் வைத்ததே சட்டம் என்றிருந்த ரோம ராஜ்யத்தில் எழுதியது அது. அப்புறம், அப்போஸ்தலர் 5இல் வரும் சப்பீராள். நிலம் விற்ற பணத்தில் புருஷன் சொன்ன பொய்யையே அவளும் சொன்னாள். பேதுரு அவளைத் தனியாக விசாரித்தார், தண்டனையும் தனியாகத்தான் வந்தது. புருஷன் பேச்சைத் தட்டவில்லை என்பது அங்கே செல்லவில்லை.

சேலத்தில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இந்தப் பேச்சு வந்தாலே சத்தம் கூடிவிடும். ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவரின் மனைவி, எங்களுக்கெல்லாம் பெரியம்மா, "நான் அவருக்கு அடங்கித்தான் கண்ணு நடக்கிறேன்" என்பார். பீரோ சாவி பெரியம்மா இடுப்பில். சொந்தக்காரருக்குச் சீட்டில் ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்குக்கூட அந்த மனுஷன் பெரியம்மாவைக் கேட்காமல் பேனாவைத் தொடமாட்டார். பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஒருநாள் மடக்கினாள்: "கேட்காம போடுற ஆளா இருந்தா?" பெரியம்மா கொஞ்சம் யோசித்து, "அப்ப அடங்குனா கடன்ல போயிருப்போம்" என்றார்.

என் கணக்கும் அதுதான். நல்ல மனுஷன் வீட்டில் கீழ்ப்படிதல் என்றாலும் சமத்துவம் என்றாலும் சாப்பாட்டு மேசையில் ஒன்றாகத்தான் இருக்கும். முரடன் கையில் அந்த வசனம் பிரம்பாகிவிடும்.

சபைகளும் இதில் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து சபை) ஜெபப் புத்தகத்தில், கல்யாணத்தில் கீழ்ப்படிவேன் என்ற வாக்கு மணமகளுக்கு மட்டும். 1988இல் இரண்டாம் ஜான் பால் போப், கீழ்ப்படிதல் இரு பக்கமும் என்றே எழுதினார். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் மெதுவாக வந்தது. கணவனுக்கு விவாகரத்து கேட்க மனைவியின் விபசாரம் மட்டும் போதும், மனைவிக்கோ விபசாரத்தோடு கொடுமையோ கைவிடுதலோ சேர வேண்டும் என்ற 1869ஆம் ஆண்டுப் பாரபட்சம் 2001இல்தான் ஒழிந்தது.

ஆலயத்தில் முதல் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பதற்குள் இருவரும் ஆயர் முன்னால் உட்காருங்கள். 21 முதல் 33 வரை மாப்பிள்ளையையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் காரியத்துக்கு வாருங்கள்: உங்கள் சம்பளம் யார் கணக்கில் இருக்கும், வேலை மாற்றல் வந்தால் யார் போவது, உங்கள் அம்மா படுத்துவிட்டால் யார் பார்ப்பது, வாக்குவாதத்தில் கை ஓங்கியிருக்கிறாரா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். இதையெல்லாம் பேசவே கூடாது என்று அவர் எழுந்து போனால் ஓலையை நிறுத்தச் சொல்லுங்கள். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.