பற்றரியை விடுங்கள், தீப்பொறியைப் பாருங்கள்

புதுப் பற்றரி வாங்காதீர்கள். மாங்குளத்தில் மாரி முழுவதும் ஓடாமல் நின்ற உங்கள் மொறிஸ் மைனர் காரின் எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால், பற்றரியும் ஸ்ராட்டரும் தம் வேலையைச் செய்கின்றன. குறை தீப்பொறியில், அல்லது பெற்றோலில்.

என் சந்தேகம், தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர் மீதுதான். வன்னியின் மாரி ஈரத்தில் அதன் மூடிக்குள் நீர் வியர்க்கும். உள்ளே திறந்து மூடி மின்சாரத்தைத் துண்டிக்கும் பொயின்ற் முனைகளில் மெல்லிய படலம் படியும். தீப்பொறி வராமல் போக அதுவே போதும்.

மூடியின் நடு வயரைக் கழற்றி, பிளாஸ்ரிக் பிடியுள்ள குறட்டால் பிடித்து, அதன் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து 5 மில்லிமீற்றர் தள்ளி வையுங்கள். கியர் நியூற்றலில் இருக்கட்டும். இன்னொருவர் எஞ்சினைச் சுழற்றும்போது நீலப் பொறி பளிச்சென்று பாய வேண்டும். பாயாவிட்டால் மூடியின் உட்புறத்தை உலரத் துடைத்து, பொயின்ற் முனைகளை மெல்லிய உப்புத்தாளால் உரசி, அவற்றின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீற்றருக்குள் வையுங்கள்.

பொறி நன்றாக இருந்தால், சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டிக் டிக்' என்கிறதா என்று கேளுங்கள். மாதக்கணக்கில் தாங்கியில் கிடந்த பெற்றோலையும் நம்ப வேண்டாம்.

பெற்றோல் மணம் அடித்தால் பொறிச் சோதனையைச் செய்யவே வேண்டாம். பொனற்றைத் திறந்து, மணம் முற்றாகப் போகும்வரை காத்திருங்கள்.