சைக்கிள் கேள்வியில் மார்க் கழலும் இடங்கள்: ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வு கேள்வி-பதில்

வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். அதில் தேர்வாளரோடு நேரில் பேசும் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். அதில் சைக்கிள் எந்தப் பகுதியிலும் வரலாம்: முதல் பகுதியில் சின்னக் கேள்வியாக, இரண்டாவதில் தலைப்பும் குறிப்புகளும் உள்ள அட்டையாக, மூன்றாவதில் ஊர், சாலை, அரசு என்று விரிந்து. வாசகர்கள் அனுப்பியவற்றில் பலருக்கும் பொதுவானவை இங்கே.

‘டு யூ ரைட் எ பைசிக்கிள்?’னு கேட்டா ‘நோ’ன்னு சொல்லிட்டு நின்னுடறேன். எத்தனை வரி சொல்லணுங்க? (செவிலியர், பல்லடம்)

இரண்டு மூன்று வாக்கியம் போதும். பதில், அதற்குக் காரணம், உங்களுக்கே உரிய ஒரு விவரம். ‘நோ, நாட் எனி மோர். ஐ யூஸ்ட் டு சைக்கிள் டு ஸ்கூல், பட் நவ் ஐ டேக் த ஹாஸ்பிடல் வேன் பிகாஸ் ஐ ஒர்க் நைட் ஷிஃப்ட்ஸ்.’ ‘நோ’ சொன்னதற்காக மார்க் குறையாது; ‘நோ’வோடு நின்றால் மதிப்பிடத் தேர்வாளரிடம் எதுவும் இருக்காது. ஓட்டத் தெரியாமல் ‘யெஸ்’ என்று ஆரம்பித்தால் அடுத்த கேள்வியில் திணற வேண்டிவரும்.

‘டெய்லி ஐ வில் கோ இன் மை சைக்கிள்’ இதுல என்ன தப்பு? (கோபிச்செட்டிபாளையம்)

இரண்டு தப்பு. இரண்டுமே தமிழிலிருந்து வருகிறவை என்பதால் நம் காதுக்கு உறுத்தாது.

தமிழில் ‘போவேன்’ இரண்டு வேலை செய்யும். ‘நாளைக்குப் போவேன்’ என்றால் எதிர்காலம், ‘தினமும் போவேன்’ என்றால் பழக்கம். ஆங்கிலத்தில் ‘வில்’ பெரும்பாலும் முதல் வேலைக்குத்தான். பழக்கத்துக்கு வெறும் ‘ஐ கோ’. விட்டுப்போன பழக்கத்துக்கு ‘ஐ யூஸ்ட் டு கோ’. திரும்பத் திரும்பச் செய்ததைச் சொல்ல ‘ஐ வுட் கோ’ என்றும் வரலாம்: ‘எவ்ரி சண்டே வீ வுட் சைக்கிள் டு த கெனால்.’ இப்போதும் தொடர்கிற பழக்கத்துக்கு ‘ஐ யூஸ் டு கோ’ என்று சொல்லாதீர்கள், அப்படி ஒரு வடிவமே கிடையாது.

அடுத்தது அந்த ‘இன்’. ‘சைக்கிள்ல போறேன், கார்ல போறேன், பஸ்ல போறேன்’ என்று நமக்கு ஒரே ‘ல’. ஆங்கிலத்தில் காருக்கு ‘இன்’. பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் ‘ஆன்’. ‘பை’ போட்டால் நடுவில் ‘எ’, ‘மை’ எதுவும் கூடாது: ‘பை பைக்’ அல்லது ‘ஆன் மை பைக்’. ஆக ‘ஐ கோ டு ஒர்க் ஆன் மை பைக் எவ்ரி டே.’ இதே வரிசையில் ‘ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்’ என்பதையும் ‘ஐ ஹேவ்’ என்று மாற்றிவிடுங்கள்.

‘பைக்’னா மோட்டார் பைக் ஆயிடாதுங்களா? (கரூர்)

நம் ஊரில் ஆகும். பிரிட்டனில் பேச்சு சைக்கிளைப் பற்றி இருந்தால் ‘பைக்’ சைக்கிள்தான். இரண்டையும் ஒரே பதிலில் சொல்லும்போது மட்டும் மற்றதை ‘மோட்டார்பைக்’ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

குரங்கு பெடல், டபுள்ஸ், காத்தடிக்கிறது இதுக்கெல்லாம் இங்கிலீஷ்ல என்னங்க? (தாராபுரம்)

‘குரங்கு பெடலு’க்கு நேர்ச்சொல் தேடாதீர்கள். சொல் தெரியாததைச் சுற்றி வளைத்து விளக்குவதும் சொல்வளத்துக்கான அளவுகோலில் ஒன்று. ‘ஐ வாஸ் டூ ஷார்ட் டு ரீச் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் த க்ராஸ்பார் அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப். வீ கால் இட் மங்கி பெடலிங்.’ மனப்பாடக் கட்டுரை எதிலும் இப்படி ஒரு வரி கிடைக்காது.

‘டபுள்ஸ்’ என்றால் தேர்வாளருக்கு டென்னிஸ் ஞாபகம் வரும். ‘மை சிஸ்டர் சாட் ஆன் த ரேக் பிஹைண்ட் மீ’ என்று சொல்லுங்கள். காற்றடிப்பது ‘பம்ப் அப் த டயர்ஸ்’, ‘ஃபில் ஏர்’ அல்ல. ‘மை சைக்கிள் இஸ் பஞ்சர்’ வேண்டாம். ‘ஐ காட் எ பங்ச்சர்’ அல்லது ‘ஐ ஹேட் எ ஃப்ளாட் டயர்’. செயின் கழன்றது ‘த செயின் கேம் ஆஃப்’. பெண்டான வீல் ‘எ பக்கில்ட் வீல்’, பெண்டு எடுத்துக் கொடுத்தவர் ‘ஸ்ட்ரெய்ட்டன்ட் இட்’. சைக்கிளை நிறுத்தும் கால் ‘கிக்ஸ்டாண்ட்’. கட்டணம் கொடுத்து விட்டு வரும் சைக்கிள் ஸ்டாண்டை ‘எ பார்க்கிங் ப்ளேஸ் ஃபார் பைக்ஸ்’ என்றால் புரியும்.

அட்டையைப் பாத்துப் பேச ஆரம்பிச்சா 40 செகண்டுல தீந்துடுது. (உடுமலை)

அட்டையிலுள்ள நான்கு குறிப்புகளுக்கும் ஆளுக்கொரு வரி கொடுத்தால் அப்படித்தான் தீரும். பேச வேண்டியது 1 முதல் 2 நிமிடம். ஒரு குறிப்பில் மட்டும் தங்குங்கள். பெரும்பாலும் ‘ஏன்’, ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்று கேட்கிற கடைசிக் குறிப்புதான் நீளும்.

தயாராக 1 நிமிடமும் தாளும் பென்சிலும் தருவார்கள். அதில் வாக்கியம் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியில் நேரம் முடிந்துவிடும். ஆறேழு சொல் போதும். சைக்கிள் பயணம் என்று அட்டை வந்தால், உடுமலைக்காரருக்குப் பொள்ளாச்சி ரோடே இருக்கிறது. குறிப்பு: ‘ஆடி, காற்று, காற்றாலை, இளநீர், செயின், திரும்புதல்’. அந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடிக்கும். போகும்போது எதிர்க்காற்று, ‘ஹெட்விண்ட்’. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், ‘டெயில்விண்ட்’. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே அரை நிமிடம் பேசலாம்: ‘த விண்ட் வாஸ் ப்ளோயிங் ஸோ ஹார்ட் தட் வீ ஹேட் டு கெட் ஆஃப் அண்ட் புஷ். பட் ஆன் த வே பேக் வீ ஹார்ட்லி நீடட் டு பெடல்.’ கதை சொல்லும்போது இறந்தகாலம், தொடர்காலம், ‘ஸோ... தட்’ எல்லாம் இயல்பாக வந்து இலக்கண மார்க்கும் ஏறும்.

‘போன பயணம்’ என்கிறதா, ‘போக விரும்பும் பயணம்’ என்கிறதா என்று அட்டையை ஒருமுறை சரிபாருங்கள். பின்னதற்கு ‘ஐ வுட் லைக் டு’. 2 நிமிடம் ஆனதும் தேர்வாளர் நடுவாக்கியத்தில் நிறுத்தினால் பதற வேண்டாம், அதற்கு மார்க் போகாது.

‘பைசிக்கிள் இஸ் ஆன் ஈகோ ஃப்ரெண்ட்லி மோட் ஆஃப் ட்ரான்ஸ்போர்ட்’னு ஒரு பக்கம் மனப்பாடம் பண்ணியிருக்கேன். சொல்லலாமா? (நாமக்கல்)

வேண்டாம். மனப்பாடம் ஓடும்போது வேகமும் ஏற்ற இறக்கமும் மாறும், அடுத்த கேள்விக்கு வருகிற பதிலின் தரம் சட்டென்று இறங்கும். தேர்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள்.

உச்சரிப்புல எதை முதல்ல சரிபண்றது? (ஈரோடு)

வால் ‘உ’வை. ‘பைக்கு’, ‘ரோடு’, ‘ரைடு’ என்று தமிழ் வாய் ஒரு ‘உ’ சேர்க்கும். மெய்யோடு நிறுத்திப் பழகுங்கள். அடுத்து, ‘பைசிக்கிள்’ நடுவில் ‘சி’தான், ‘சை’ அல்ல. அழுத்தம் முதல் அசையில். ‘சைக்கிள்’, ‘மோட்டார்சைக்கிள்’ இவற்றில் மட்டும் ‘சை’. ‘வெஹிக்கிள்’ அல்ல, ‘வீயிக்கிள்’, நடுவில் ‘ஹ’ கேட்காது. ‘ஸ்டாப்ட்’ முடிவில் ‘ட்’, ‘ஸ்டாப்படு’ அல்ல.

‘பெடலி’ன் ‘ப’வும் ‘பெல்’லின் ‘ப’வும் ஆங்கிலத்தில் வேறு வேறு ஒலி; தமிழ் எழுத்து ஒன்றே. முதலாவதில் வாய்முன் வைத்த காகிதத் துண்டு ஆடும், இரண்டாவதில் அந்த அளவுக்கு ஆடாது. இங்கே தமிழெழுத்தில் கொடுத்த வாக்கியங்களுக்கும் இந்தக் குறை உண்டு, ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பழகுங்கள்.

உச்சரிப்பு மொத்த மதிப்பெண்ணில் கால் பங்கு. சரளம், சொல்வளம், இலக்கணம் மற்ற மூன்று கால்.

மூணாவது பகுதியில, அரசு சைக்கிளை ஊக்குவிக்கணுமான்னு கேட்டா? (கோவை)

‘நான், என் சைக்கிள்’ என்பதை இங்கே விட்டுவிடுங்கள். கேள்வி சமூகத்தைப் பற்றியது. கருத்து எதுவானாலும் மார்க் ஒன்றுதான். கைக்கு எட்டுகிற ஆதாரம்: தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இலவச சைக்கிள். அதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தையும் காட்டுங்கள்: ‘பட் எ ஃப்ரீ பைக் இஸ் நாட் மச் யூஸ் இஃப் த ரோட் இஸ் டேஞ்சரஸ்.’ பிறகு ஒரு நிபந்தனை வாக்கியம்: ‘இஃப் தேர் வேர் செபரேட் லேன்ஸ் ஆன் அவிநாசி ரோட், மோர் பீப்பிள் வுட் சைக்கிள் டு ஒர்க்.’ ‘இஃப்’ பக்கத்தில் ‘வுட்’ வைப்பதுதான் வழக்கமான சறுக்கல். வெளிநாட்டு உதாரணம் வேண்டுமானால், மக்கள்தொகையைவிட சைக்கிள் அதிகமுள்ள நெதர்லாந்து. சதவீதங்களைக் கற்பனையாக அடுக்காதீர்கள். அவர் சரிபார்க்கப் போவதில்லை. எண்ணைத் தேடி நீங்கள்தான் நின்றுபோவீர்கள்.

கேள்வி புரியலைன்னா கேக்கலாமா? வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போடணுங்களா? (திருப்பூர்)

கேட்கலாம்: ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ முதல் பகுதியில் கேள்வியை அப்படியே திரும்பச் சொல்வார், மூன்றாவதில் வேறு சொற்களிலும் மாற்றிக் கேட்பார். ‘சார்’ தேவையில்லை. நம் ‘ங்க’தான் அங்கே ‘சார்’ ஆகி ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே போகும்போது ஒரு ‘குட் மார்னிங்’, வெளியே வரும்போது ஒரு ‘தேங்க் யூ’ போதும்.