தலையாட்டினால் சம்மதமா? உடல்மொழி பற்றிக் கேள்வி பதில்

கே: பல்கேரியாவில் தலையாட்டுவது தலைகீழ் என்கிறார்களே, உண்மையா சார்?

ப: உண்மைதான், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அங்கே 'ஆம்' என்றால் தலை இடவலமாக அசையும். 'இல்லை' என்றால் தலை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டும். மோவாய் உயரும், புருவமும் சேர்ந்து ஏறும், சிலர் உச்சுக் கொட்டுவார்கள். கிரீஸிலும் துருக்கியிலும் கூட இந்த மேல்வெட்டுக்கு 'இல்லை' என்றே பொருள். ஏறிய தலை இறங்கித்தானே ஆக வேண்டும்? அந்த இறக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். அசைவு எந்தத் திசையில் தொடங்குகிறது என்று கவனியுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டவரோடு பழகிய பல்கேரியர் உங்களுக்காகத் தன் முறையை மாற்றிக்கொள்ளக்கூடும். அதனால் பணம், நேரம், வழி பற்றிய கேள்வி என்றால் வாயால் ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

கே: கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாமா?

ப: ஈரானில் அது மரபாக ஒரு வசவு. இளைஞர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம், பெரியவர்களிடம் வேண்டாம்.

கே: விரலை வட்டமாக்கி 'ஓகே' காட்டுவது?

ப: ஜப்பானில் காசு, பிரான்ஸில் பூஜ்யம், பிரேசிலில் ஆபாசம்.

கே: இரண்டு விரல் வெற்றிச் சின்னம்?

ப: உள்ளங்கை எதிராளியைப் பார்த்திருந்தால் சரி. உங்களைப் பார்த்திருந்தால் பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவில் வசவு. 1992இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஆஸ்திரேலியாவில் கையைத் திருப்பிக் காட்டிச் செய்தியானார்.

கே: ஐந்து விரலையும் விரித்து 'நில்' என்று காட்டினால்?

ப: கிரீஸில் அது கடும் அவமதிப்பு. விரல் கேள்விகள் இத்தோடு போதும். விரல் சைகை கிட்டத்தட்ட ஒரு சொல் மாதிரி, ஊருக்கு ஊர் கற்க வேண்டியதுதான். தெரியாத ஊரில் கையைத் தாழ்வாக, தளர்வாக வைத்திருங்கள். இதைவிடச் சத்தமில்லாமல் உறவைக் கெடுப்பவை தூரமும் பார்வையும். அவற்றைக் கேளுங்கள்.

கே: சரி, எவ்வளவு தூரத்தில் நின்று பேசுவது?

ப: அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் வகுத்த அளவுகளைத்தான் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள்: நெருக்கமானவர்க்கு 45 செ.மீ. வரை, பழகியவர்க்கு 120 செ.மீ. வரை, பொது அலுவலுக்கு 3.6 மீட்டர் வரை. அவர் கவனித்தது பெரும்பாலும் வடகிழக்கு அமெரிக்காவின் நடுத்தர வர்க்கத்தை. 2017இல் 42 நாடுகளில் சுமார் 9,000 பேரிடம் கேட்ட ஆய்வில், அந்நியரோடு நிற்க அர்ஜென்டினாவில் குறித்த தூரம் சராசரியாக 76 செ.மீ. அளவில்தான், ருமேனியாவில் ஒரு மீட்டரைத் தாண்டியது. அதுவும் படத்தில் குறித்ததே தவிர நேரில் அளந்ததல்ல.

பிசகுவது இப்படி: ஒருவர் தனக்கு வசதியான தூரத்துக்கு நெருங்குவார், மற்றவர் பின்வாங்குவார், முதலாமவர் மறுபடி நெருங்குவார். கடைசியில் ஒருவர் சுவரோடு சுவராக நிற்பார். ஒருவர் 'அத்துமீறுகிறார்' என்றும் மற்றவர் 'ஒதுக்குகிறார்' என்றும் நினைத்துக்கொண்டு பிரிவார்கள். பாதங்களை நகர்த்தாமல் உடலை மட்டும் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி நில்லுங்கள். நேருக்கு நேர் நிற்கும் அழுத்தம் குறையும், பின்வாங்கியதாகவும் தோன்றாது.

கே: கண்ணைப் பார்க்காதவர் பொய் சொல்கிறார்தானே?

ப: இல்லை. பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது பல சமூகங்களில் மரியாதை. பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த கணக்கில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம். காசு சுண்டினாலே 50 கிடைக்கும். ஒரே அசைவை வைத்து ஒருவர் மனதுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கே: கைகட்டி நிற்பவர்?

ப: மேலே சொன்னதேதான். குளிராகக்கூட இருக்கலாம்.

கே: முகபாவம் மட்டும் உலகப் பொது. உளவியலாளர் பால் எக்மன் நிரூபித்துவிட்டாரே!

ப: அவரும் சக ஆய்வாளர் ஃப்ரீசனும் பப்புவா நியூ கினியாவின் ஃபோரே மக்களிடம் ஒரு சிறு கதையைச் சொல்லி, அதற்குப் பொருந்தும் முகப்படத்தை எடுக்கச் சொன்னார்கள். மகிழ்ச்சி நன்றாகப் பொருந்தியது. அச்சத்தையும் வியப்பையும் பெரியவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 'நிரூபித்தார்' என்பது பெரிய வார்த்தை.

கே: ஒத்துக்கொள்ள மாட்டேன். பிறவியிலேயே பார்வையற்றவர்கள் சிரிக்கிறார்களே, யாரைப் பார்த்துக் கற்றார்கள்?

ப: நல்ல அடி, இதற்கு மதிப்பு உண்டு. 2004 பாராலிம்பிக்கில் ஜூடோ வென்ற, பிறவியிலேயே பார்வையற்ற வீரர்களும் கைகளை உயர்த்தி, நெஞ்சை விரித்தார்கள். ஆனால் முகம் தானாக அசைவது வேறு, பார்ப்பவர் அதற்குப் பொருள் சொல்வது வேறு. பப்புவா நியூ கினியாவின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் பதின்வயதினரிடம் நடந்த ஆய்வு 2016இல் வந்தது. கண் விரிந்து வாய் பிளந்த முகத்தை மேற்கத்தியர் அச்சம் என்கிறார்கள், அங்கே அதை மிரட்டல் என்றார்கள்.

கே: அசையாத புகைப்படத்தை வைத்துச் சொன்ன பதில்தானே அதுவும்?

ப: ஆமாம். எக்மனுடையதும் புகைப்படம்தான். ஒன்றைத் தள்ளினால் இரண்டையும் தள்ளுங்கள்.

கே: சார், கட்டைவிரல் காட்டினால் தப்பா?

ப: மேலே சொல்லியாயிற்று, திரும்பிப் போய்ப் படியுங்கள்.

கே: என் மூன்று வயதுக் குழந்தை யார் கண்ணையும் பார்ப்பதில்லை. பண்பாட்டுப் பழக்கமா?

ப: இதை இங்கே கேட்காதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

கே: ஜப்பானியரைச் சந்திக்கப் போகிறேன். எவ்வளவு குனிய வேண்டும்?

ப: எதிரே கடந்து போகையில் 15 பாகை, வாடிக்கையாளர் முன் 30, ஆழ்ந்த நன்றிக்கும் மன்னிப்புக்கும் 45. இடுப்பிலிருந்து குனியுங்கள், முதுகும் கழுத்தும் ஒரே கோடு. பார்வையும் உடலோடு இறங்கட்டும். தலையை நிமிர்த்தி முகத்தைப் பார்த்தபடி குனிவது பொதுவான தவறு. அவர் கை நீட்டினால் குலுக்கி முடித்துவிட்டுக் குனியுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் தலைகள் முட்டும்.