அம்மம்மாட குரலுக்கு ஸ்ட்ரைக்கா? கவுண்டர் அமத்த முன்னம் ஒருக்கா நில்லுங்க

திருக்கோவில் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா, பாலர் பாடசாலை டீச்சர். நாலு பக்கக் கடிதம், சுருக்கிச் சொல்லுறன். 1969ல வெள்ளைக்காரர் ஒராள் டேப் ரெக்கோடரோட ஊருக்கு வந்து, இவட அம்மம்மாவையும் இன்னும் நாலு பொம்புளைகளையும் இருத்தி, தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, புள்ளைகள் விளையாடக்குள்ள படிக்கிற பாட்டு எல்லாத்தையும் பதிஞ்சுகொண்டு போனவராம். 1971ல நாட்டார் பாட்டுக்கும் சிறுவர் பாட்டுக்கும் பேர்போன ஒரு அமெரிக்க லேபிள் (இசைத்தட்டுக் கம்பனி) அத எல்பி இசைத்தட்டா போட்டிருக்கு. அம்மம்மாக்குக் கிடைச்சது ஒரு சீலை. இப்ப இவ அந்த எல்பிய எங்கேயோ தேடிப் புடிச்சு யூடியூப்ல போட, லேபிள்காரன் வீடியோவைத் தூக்கிட்டான், சனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை மீறினதெண்டு யூடியூப் போடுற எச்சரிக்கை. "எங்கட ஊர்ப் பாட்டு, எங்கட அம்மம்மாட குரல், எங்களுக்கே ஸ்ட்ரைக் அடிக்க அவன் ஆர்? நட்டஈடு கேட்டு கேஸ் போடலாமா?"

தங்கச்சி, சீலைக் கதைய விடுங்க. கேக்கக்குள்ள எனக்கும் மனசு ஒரு மாதிரித்தான், ஆனா கோட்டுல அதுக்கு ஒரு சதப் பெறுமதியும் இல்ல. இதுல பாக்க வேண்டியது ஒண்டே ஒண்டு: பாட்டு வேற, ரெக்கோடிங் வேற. பாட்டு ஊருக்குச் சொந்தம், அதுல அந்த லேபிளுக்கு ஒரு உரிமையும் இல்ல. ஆனா நீங்க போட்டது பாட்டு இல்ல, அவங்கட ரெக்கோடிங்.

குரலுக்கு உரிமை இல்லையா எண்டு கேப்பீங்க. இருந்தது. எங்கட 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துல பாட்டுப் படிச்சவங்களுக்கு பதிஞ்ச வருஷத்துக்குப் பிறகு 50 வருஷம். 1969ல பதிஞ்சதெண்டா 2019 முடிய அதுவும் முடிஞ்சிட்டு. அதால நட்டஈட்டுக் கதைய இதோட விடுவம்.

ஒங்கட மச்சான் ஒரு சட்டப் பொயின்ட் சொன்னவர் எண்டு எழுதியிருக்கீங்க: ரெக்கோடிங் போட்ட கம்பனிக்கும் இலங்கையில 50 வருஷம்தான், 1971ல வந்தது 2021 முடிய சரி, அதால "கவுண்டர் நோட்டிபிகேஷன் (வீடியோவைத் தூக்கினது பிழை எண்டு யூடியூப்புக்குக் குடுக்கிற மறுப்பு) அடிச்சு விடு, வீடியோ திரும்பி வரும்" எண்டு. மச்சான் சொன்ன கணக்கு சரி, சொன்ன வழிதான் பிழை. எனக்குப் பயமே இந்த இடத்துலதான்.

யூடியூப் இருக்கிறது அமெரிக்காவில, லேபிளும் அங்கதான். அவங்கட நாட்டுல 1972 பெப்ரவரி 15க்கு முந்தின ரெக்கோடிங்குகளுக்கு 2018ல புதுச் சட்டம் ஒண்டு வந்தது. அதுப்படி 1971ல வெளிவந்த ஒரு அமெரிக்க எல்பிக்கு 2067 பெப்ரவரி 15 வரைக்கும் பாதுகாப்பு இருக்கு. இஞ்ச செத்துப்போன உரிமை அங்க இன்னும் நாப்பது வருஷத்துக்கு உசிரோட கிடக்கு. அந்த கவுண்டர் போர்ம ஆறுதலா வாசிச்சுப் பாருங்க, ஒருத்தரும் வாசிக்கிறதில்ல. ஒங்கட முழுப் பேர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் மற்றப் பக்கத்துக்குப் போகும். பொய் சொன்னா தண்டனைக்கு உட்படுவன் எண்டு சத்தியம் பண்ணுறீங்க, அமெரிக்க பெடரல் கோட்டுட நியாயாதிக்கத்துக்கு சம்மதம் எண்டும் கையெழுத்து வைக்கிறீங்க. மறுகா அவங்களுக்கு 10 வேலை நாள், அதுக்குள்ள கேஸ் போட்டா வீடியோ வராது. வேணுமெண்டு செஞ்சதெண்டு அங்க நிரூபிச்சா ஒரு ஆக்கத்துக்கு 150,000 டொலர் வரைக்கும் கோட்டு போடலாம். அவன் அமெரிக்காவில தீர்ப்பு எடுத்துக்கொண்டு திருக்கோவிலுக்கு வருவானா எண்டு சிரிக்காதீங்க. வரத் தேவையில்ல, 90 நாளுக்குள்ள மூண்டு ஸ்ட்ரைக் விழுந்தா சனலே போயிரும், புள்ளைகள்ட மற்ற வீடியோ எல்லாத்தோடயும்.

என்னட்ட வந்த ஒரு பொடியனும் இதே வேலைதான் பாத்தான். கோவத்துல ஒரே ராவுல ரெண்டு கவுண்டர் அமத்திப்போட்டு விடியத்தான் போன் எடுக்கான், "அண்ண, அது சும்மா ஒரு பட்டன்தானே" எண்டு. அதுல கிடந்தது சத்தியக் கடதாசி.

இன்னொண்டு, ஒங்கட கடிதத்துல ஒரு வரியில சொல்லிட்டுப் போட்டீங்க, நான் அதுல நிண்டுட்டன். எல்பி கவர்ல இருந்த அம்மம்மாட போட்டோவை தம்நெய்லா போட்டிருக்கீங்க. போட்டோக்கு இலங்கையில 50 வருஷக் கணக்கு இல்ல, எடுத்தவர்ட ஆயுளும் அதுக்குப் பிறகு 70 வருஷமும். போட்டோவில இருக்கிறது ஒங்கட அம்மம்மா, ஆனா உரிமை போட்டோ எடுத்தவருக்கு. அத வைச்சு அந்த உரிமைக்காரர் இஞ்சேயே கேஸ் போடலாம், போட்டா அது கொழும்பு வணிக மேல் நீதிமன்றம், ஒவ்வொரு தவணைக்கும் ராவு பஸ். கோயில் திருவிழாவில பென்டிரைவ்ல போட்டு வித்ததையும் நிப்பாட்டுங்க. நாட்டார் பாட்ட காசுக்கு விக்கிறதுக்கு அதே சட்டத்துல 24ம் பிரிவு எண்டு தனிக் கதை ஒண்டு இருக்கு, அதுக்குள்ள இப்ப போக வேணாம்.

லேபிளுக்கு அனுப்ப எழுதி வைச்சிருக்கிற கடிதம் வாசிச்சன். 25 லட்சம் கேட்டு, அதுக்கு மேல "நாங்கதான் போட்டம், விளம்பரக் காசும் வருது" எண்டு ஒங்கட கையாலயே ஒப்புதல் வாக்குமூலம். கிழிச்சுப் போடுங்க.

சமாதானமாப் போங்க. வெக்கப்பட ஒண்டும் இல்ல, இந்த மாதிரி லேபிள்கள் சாதாரண கம்பனி மாதிரி இல்ல. உதாரணத்துக்கு (ஒங்கட பிரச்சினை இவங்களோட இல்ல) ஃபோக்வேஸ் எண்ட அமெரிக்க நாட்டார் பாட்டு லேபிள எடுங்க. 1948ல மோசஸ் ஆஷ் தொடங்கினது, 1987ல ஸ்மித்சோனியன் எண்ட அமெரிக்க நூதனசாலை நிறுவனம் எடுக்கக்குள்ள இருந்த ரெண்டாயிரத்துச் சொச்ச அல்பத்துல ஒண்டையும் விற்பனையில இருந்து எடுக்கக்கூடாது எண்ட பேச்சோடதான் எடுத்தது. பழசு, ஆரும் கவனிக்கமாட்டாங்க எண்டு நினைச்சதுதான் ஒங்கட முதல் பிழை. ஆனா ஒண்டு, பாடினவங்கட குடும்பம் மரியாதையா எழுதினா இப்பிடியான ஆக்கள் காது குடுப்பாங்க.

அதால இப்பிடி எழுதுங்க: வீடியோவை நாங்க திரும்பப் போடமாட்டம், நீங்க ஸ்ட்ரைக்க வாபஸ் எடுங்க. கவர்ல "கிராமத்துப் பெண்கள்" எண்டு கிடக்கிற இடத்துல அம்மம்மாட பேரையும் மற்ற நாலு பேர்ட பேரையும் போடுங்க. முழு டேப்பின்ட கொப்பி ஒண்டு குடும்பத்துக்குத் தாங்க, வகுப்புல புள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட எழுத்துல அனுமதி தாங்க. இதுல பாதியாவது கிடைக்கும் எண்டு நினைக்கிறன். காசு கேக்காதீங்க, கேட்டா கடிதம் அவங்கட லோயர்ட மேசைக்குப் போயிரும்.

அதுக்குள்ள அதே பாட்டுகள ஒங்கட பாலர் பாடசாலைப் புள்ளைகளை வைச்சு நீங்களே பதியுங்க, அம்மம்மாட காலத்துப் பொம்புளைகள் ஊருல ஆரும் இருந்தா அவங்களையும் கூப்பிடுங்க. அந்த ரெக்கோடிங்குக்கு உரிமைக்காரி நீங்கதான். தாய் தகப்பன்ட கையெழுத்து மட்டும் முதல்ல எடுத்து வைச்சிருங்க.

லேபிள்ல இருந்து பதிலோட ஒரு அக்ரீமென்ட் வரும். அதுல "இனிமேல் பதியிறதும்" எண்ட மாதிரி ஒரு வரி ஒளிஞ்சிருக்கா எண்டு பாக்காம கையெழுத்து வைக்காதீங்க, எனக்கு ஒருக்கா அனுப்புங்க.