கேள்வி-பதில்: மினிவேன் வாங்கினால் மானம் போகுமா?

கே: இரண்டு குழந்தைகள், ஊரிலிருந்து மாமனார் மாமியாரும் ஆறு மாதத்துக்கு வருகிறார்கள். மனைவி மினிவேன் என்கிறார். கார் பைத்தியங்களான என் நண்பர்களோ, "மானம் போகும், எஸ்யூவி எடு" என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?
- நியூ ஜெர்சி வாசகர்

ப: மனைவி சொல்வதை. வீட்டு அமைதிக்காகச் சொல்லவில்லை. மினிவேனின் தரை தாழ்வு, புடவை கட்டிய மாமியார் சிரமமில்லாமல் ஏறிவிடலாம். கதவு பக்கவாட்டில் நகர்வதால் நெருக்கமான பார்க்கிங்கில் பிள்ளைகள் பக்கத்து காரை இடிக்க முடியாது. மூன்றாவது வரிசையில் பெரியவர்களே உட்காரலாம், அதற்குப் பின்னாலும் பெட்டிகளுக்கு இடம் மிஞ்சும். பனிக்கு நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா, டொயோட்டா சியன்னாவிலும் கிரைஸ்லர் பசிஃபிகாவிலும் அதுவும் கிடைக்கிறது. வாராவாரம் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவராக இருந்தால் மட்டும் நண்பர்கள் பேச்சைக் கேளுங்கள்.

கே: "ஸ்டேஷன் வேகன்தான் (கூரை பின்பக்கம் வரை நீண்டு, சாமானுக்கு இடம் விட்ட கார்) உண்மையான குடும்ப கார், அமெரிக்க கம்பெனிகள் அதை ஒழித்துவிட்டன" என்று கார் பிரியர்கள் புலம்புகிறார்களே, சரியா?

ப: பாதி சரி. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975-இல் வந்த சட்டப்படி, ஒரு கம்பெனியின் கார்கள் 1985-க்குள் சராசரியாக காலனுக்கு 27.5 மைல் தர வேண்டும்; இலகு ரக டிரக்குகளுக்கோ 20 மைலை ஒட்டியே சலுகை. வேகன் கார் கணக்கு, மினிவேனும் எஸ்யூவியும் டிரக் கணக்கு. அப்புறம் பெரிய வேகனைச் செய்ய யாருக்கு மனசு வரும்? இதற்கு நடுவே, ஃபோர்டில் மினிவேன் யோசனையைச் சுமந்து திரிந்து வேலை இழந்த ஹால் ஸ்பெர்லிக் என்பவரும், அவரைப் போலவே அங்கிருந்து வெளியேற்றப்பட்ட லீ அயகோக்காவும் கிரைஸ்லரில் சேர்ந்து, அரசாங்கம் 150 கோடி டாலர் வரை ஜாமீன் நின்று பிழைக்க வைத்த அந்தக் கம்பெனியிலிருந்து டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் இரண்டையும் 1984 மாடலாக இறக்கினார்கள். வேகன் குடும்பங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. ப்யூக் ரோட்மாஸ்டர் வேகன் 1996-இல் நின்றது; அதைச் செய்த டெக்சாஸ் ஆர்லிங்டன் ஆலையில் இப்போது டாஹோ, சபர்பன் போன்ற பெரிய எஸ்யூவிகள்தான்.

மீதிப் பாதிப் பழி புலம்புகிறவர்கள் மேல்தான். 2018 மாடலாக ப்யூக் ரீகல் டூர்எக்ஸ் என்று ஒரு நல்ல வேகன் வந்தது, யாரும் சீந்தவில்லை, 2020-ஓடு மூட்டை கட்டியது. இவர்களுக்கு வேகன் வேண்டும், ஆனால் வேறு யாரோ புதிதாக வாங்கி ஓட்டி, பாதி விலைக்கு விற்கும்போது வேண்டும்!

கே: ஜப்பான் மினிவேன் வாங்குவது அமெரிக்கத் தொழிலாளிக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

ப: சியன்னா இண்டியானாவில் தயாராகிறது, ஹோண்டா ஒடிசி அலபாமாவில். கிரைஸ்லர் பசிஃபிகா வருவது விண்ட்சரிலிருந்து. டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரைதான் என்றாலும் அது கனடா. ஆனால் விண்ட்சர் ஆலையில் தொழிற்சங்கம் உண்டு, அந்த இரண்டு ஆலைகளிலும் கிடையாது. உங்களுக்கு எது முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.