குறடா, கொறடா?

கேள்வி: குறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும் என்கிறார்களே, நம்ம திருநெல்வேலி மாநகராட்சியில் மாற்றி ஓட்டுப் போட்ட கவுன்சிலர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?
வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, குறடு ஆணி பிடுங்கும் சாமான். நீங்கள் சொல்வது கொறடா, அதாவது சவுக்கு; சபையில் எப்படி ஓட்டுப் போடவேண்டும் என்று கட்சிக்காரர்களுக்கு உத்தரவு போடும் ஆள். இங்கிலீஷ் 'விப்' நரிவேட்டைச் சொல். வேட்டைநாய்கள் சிதறாமல் சாட்டையோடு கூடவே ஓடும் ஆளுக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. அப்படியானால் எம்.எல்.ஏ.க்கள் யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

யோசித்தால் உங்கள் குறடே பொருத்தம். சவுக்கு முதுகோடு விடும். இது நாற்காலியையே பிடுங்கும். ஆனால் எந்த ஆணி என்பதைப் பிடித்த கைதான் முடிவு செய்யும். 2017 பிப்ரவரி நம்பிக்கை வாக்கெடுப்பில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர் சபையிலேயே எடப்பாடி அரசை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், பதவி போகவில்லை. ஆகஸ்டில் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேருக்குச் செப்டம்பரில் போய்விட்டது. உத்தரவை மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்கலாம். இல்லையென்றால் மனு சபாநாயகரிடம் போகும். அவருக்குக் கெடு எதுவும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில், அதாவது கட்சித்தாவல் தடைச் சட்டத்தில், கிடையாது. மூன்று மாதத்துக்குள் முடியுங்கள் என்று சுப்ரீம் கோர்ட் 2020இல் சொல்லிப் பார்த்தது.

உங்கள் கவுன்சிலர்களா? அந்த அட்டவணை நாடாளுமன்றம், சட்டமன்றத்தோடு சரி. 2024 ஆகஸ்ட் மேயர் தேர்தலில் தி.மு.க.வின் அதிகாரபூர்வ வேட்பாளருக்கு 30 ஓட்டு, அதே கட்சியில் போட்டியாக நின்றவருக்கு 23. அ.தி.மு.க.வுக்கு மாமன்றத்தில் இருந்ததே 4 பேர். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ரகசிய ஓட்டு வேறு, யாரைப் பிடிப்பது?

புளியரை தாண்டி ஆரியங்காவு பஞ்சாயத்துக்குள் போனால் கதை வேறு. கேரளத்தில் உள்ளாட்சிக்கென்றே 1999இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் போட்டுவிட்டார்கள். தலைவர் தேர்தலில் ஓட்டுச்சீட்டின் பின்புறம் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். விசாரிப்பது மாநிலத் தேர்தல் ஆணையம். மாட்டினால் 6 வருடம் எந்த வார்டிலும் நிற்க முடியாது.

இங்கேயும் அது வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். சாக்கடை தூர்வாருவதற்கு எதற்குக் கொறடா?

கடைசியாகச் சென்னைப் பத்திரிகை நண்பர்களுக்கு, நூறாவது தடவையாக: நெல்லையில் யார் காலை யார் வாரினாலும் 'அல்வா' என்று தலைப்பு வைக்காதீர்கள். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, கை ஓயக் கிண்டிப் பாருங்கள். எந்தக் கட்சியும் உட்கட்சித் தேர்தலுக்கு அவ்வளவு மெனக்கெடுவதில்லை.